எலும்பு இல்லாத பெயர்

உலகத்திலேயே பெரிய டைனோசர் எது? க்விஸ் கிளப்ல இந்தக் கேள்வி வந்தா "அர்ஜென்டினோசாரஸ்"னு யாராவது பட்டுனு பஸ்ஸரை அமுக்கிடுவாங்க. கொஞ்சம் அதிகம் படிச்சவங்க "படகோடைட்டன்" என்பார்கள். ரெண்டுமே அர்ஜென்டினா சரக்கு. ஆனால் இந்தப் போட்டியில் முதலிடத்துக்கே உரிமை கொண்டாடக்கூடிய ஒரு பெயர் நம்ம அரியலூர் மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறது. புருஹத்காயோசாரஸ். சமஸ்கிருதத்தில் 'பிருஹத் காயம்' என்றால் பேருடல். கல்லமேடு என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து, ஜிஎஸ்ஐ எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1980-களின் பிற்பகுதியில் சூட்டிய பெயர் அது. அந்த விலங்கு வாழ்ந்தது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

அந்த எலும்புகளில் ஒன்று டிபியா, அதாவது கீழ்க்கால் எலும்பு. அதன் நீளம் 2 மீட்டர் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். நம்ம கிளாஸ்லேயே உயரமான பையனைப் பக்கத்தில் நிற்க வைத்தாலும் எலும்புதான் ஜெயிக்கும். அதுவும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் மட்டும்! 2023-ல் கிரெகரி பால், அசியர் லாராமெண்டி என்ற ஆய்வாளர்கள் இந்த விலங்கின் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கலாம், பெரிய திமிங்கலங்களோடு ஒப்பிடும் அளவில் இருந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

சரி, அந்த எலும்பை எந்த மியூசியத்தில் போய்ப் பார்க்கலாம்? எங்கேயும் பார்க்க முடியாது. அது உதிர்ந்துபோய்விட்டது. 2017-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை இதை உலகத்துக்குச் சொன்னது. அதை எழுதிய இருவரில் ஒருவர், அந்த எலும்பைக் கண்டுபிடித்த அய்யாசாமியேதான். மண்ணுக்குள் 7 கோடி வருஷம் தாங்கிய எலும்பு, மனிதர் கைக்கு வந்த பிறகு சில வருஷம்கூடத் தாங்கவில்லை.

டைனோசர்னா பெருமை, மீம்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், எல்லாம் சரி. நான் சொல்ல வருவது வேறு. ஃபாசிலைக் கண்டுபிடிப்பதற்கு நாம் கொடுக்கும் மரியாதையில் பாதியைக்கூட அதைப் பாதுகாப்பதற்குக் கொடுப்பதில்லை. குறிப்பாக, ஒரு இனத்தின் பெயரையே தாங்கி நிற்கும் 'டைப் ஸ்பெசிமன்' என்ற மாதிரிகளை நாட்டின் அளவுத்தரம் போலக் காக்க வேண்டும். அதைச் செய்யாமல் "உலகின் பெரிய டைனோசர் எங்களுடையது" என்று சொன்னால், ரசீது இல்லாமல் பொருளுக்கு உரிமை கேட்பது போலத்தான்.

டைப் ஸ்பெசிமன் என்றால் என்ன?

மெக்கானிக்கல் மாணவன் என்பதால் எனக்கு இது மெட்ராலஜி லேப் வழியாகத்தான் புரிந்தது.

நம்ம கையில் இருக்கும் வெர்னியர் காலிப்பர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்போம்? ஸ்லிப் கேஜ் வைத்துப் பார்ப்போம். அந்த ஸ்லிப் கேஜ் சரியா என்று பார்க்க அதைவிடத் துல்லியமான மாஸ்டர் கேஜ் இருக்கும். அதைச் சோதிக்க தேசிய ஆய்வகம். இப்படியே மேலே மேலே போனால் கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே ஒரு அளவுத்தரத்தில் போய் நிற்கும். இந்தச் சங்கிலிக்கு 'ட்ரேசபிலிட்டி' என்று பெயர். வைவாவில் கட்டாயம் கேட்பாங்க.

உயிரினங்களின் பெயர்களுக்கும் இதே மாதிரி ஒரு சங்கிலி உண்டு. ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, "இந்தப் பெயர் இந்த ஒரு மாதிரிக்குச் சொந்தம்" என்று ஒரே ஒரு எலும்பையோ, ஓட்டையோ, எலும்புக்கூட்டையோ குறிப்பிடுவார்கள். அதுதான் ஹோலோடைப். நாளைக்கு யாரோ ஒருவர் அதே மாதிரி ஒரு எலும்பைக் கண்டுபிடித்து, "இதுவும் அதே இனமா, வேற இனமா?" என்று குழம்பினால், கடைசித் தீர்ப்பு அந்த ஹோலோடைப்பை வைத்துத்தான். புத்தகத்தில் இருக்கும் வர்ணனை தப்பாக இருக்கலாம். படம் வரைந்தவர் கைதவறி வரைந்திருக்கலாம். பேராசிரியர் மனசு மாறலாம். எலும்பு மாறாது.

விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. டைப் மாதிரிகள் பெயரிடலின் சர்வதேச அளவுத்தரங்கள். அவற்றை வைத்திருக்கும் நிறுவனம் அறிவியலின் சார்பில் காவல் இருக்கிறது என்பது அதன் கருத்து. நம்ம பாஷையில் சொல்லணும்னா, அருங்காட்சியகம் அந்த எலும்பின் முதலாளி இல்லை, தர்மகர்த்தா. 2000-க்குப் பிறகு ஒரு புதிய இனத்தை அறிவிக்கிறவர் டைப் மாதிரியைக் கட்டாயம் சுட்டிக்காட்ட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்பதும் விதி.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். கிலோகிராமுக்கும் ஒரு காலத்தில் டைப் ஸ்பெசிமன் இருந்தது. பாரிஸ் பக்கத்தில் செவ்ரே என்ற இடத்தில், கண்ணாடி மூடிகளுக்குள் பூட்டி வைத்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. 1889-லிருந்து அதுதான் உலகத்துக்கே கிலோ. ஆனால் நூறு வருஷத்தில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் நடுவே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்தது. அதுக்கே விஞ்ஞானிகள் பதறிப்போய், 2019 மே 20 முதல் கிலோவை பிளாங்க் மாறிலியோடு கட்டிவிட்டார்கள். இப்போது அந்த உருளை தொலைந்தாலும் அரிசிக் கடைக்காரருக்கு ஒன்றும் ஆகாது.

ஃபாசிலுக்கு அப்படி ஒரு மாறிலி கிடையாது. எந்தச் சமன்பாட்டை வைத்தும் புருஹத்காயோசாரஸின் டிபியாவைத் திரும்ப உருவாக்க முடியாது. 50 மைக்ரோகிராமுக்கு உலகம் பதறியது. நாம் ஒரு முழு எலும்பையே விட்டுவிட்டோம்.

20 சென்டிமீட்டர், எட்டு யானை

"எலும்பு போனா என்ன, அளவெல்லாம்தான் கட்டுரையில் இருக்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு சுமார் 1.55 மீட்டர். அதன் எடை 70 டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விலங்கும் ஒரே உடல்வாகு என்று எடுத்துக்கொண்டால், நீளம் எத்தனை மடங்கோ அதன் மூன்றாம் படிதான் எடையின் மடங்கு. 2-ஐ 1.55 ஆல் வகுத்தால் 1.29. அதன் மூன்றாம் படி 2.15. அப்படியென்றால் அரியலூர் விலங்கு சுமார் 150 டன்.

இப்போது அந்த 2 மீட்டர் என்ற அளவில் 10 சதவீதம் பிழை இருந்தால்? எலும்பு உடைந்து நடுவில் இடைவெளியோடு கிடந்திருக்கலாம், ஓரத்தில் ஒட்டியிருந்த பாறையையும் சேர்த்து அளந்திருக்கலாம். உண்மையான நீளம் 1.8 மீட்டர் என்று போட்டால் எடை 110 டன்னுக்கு இறங்கிவிடும். 20 சென்டிமீட்டர் பிழைக்கு 40 டன் வித்தியாசம். யானைக்கு 5 டன் என்றால் எட்டு யானை! இது மேலோட்டமான கணக்குதான். ஆய்வாளர்கள் இதைவிட நுணுக்கமாகச் செய்வார்கள். ஆனால் மூன்றாம் படி யாரையும் விடாது.

லேபில் ரீடிங் சந்தேகமாக இருந்தால் என்ன செய்வோம்? ஜாபை எடுத்துத் திரும்ப அளப்போம். இங்கே திரும்ப அளக்க ஜாப் இல்லை. அதுதான் பிரச்சினை.

எடை மட்டும் இல்லை, அது எந்த விலங்கு என்பதிலேயே குழப்பம் இருந்தது. முதலில் பெயர் வைத்தபோது அதை இறைச்சி தின்னும் டைனோசர் வகை என்று வகைப்படுத்தினார்கள். பிறகு வந்தவர்கள், இல்லை, இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி வகை என்றார்கள். சிலர் ஒரு படி மேலே போய், இது எலும்புதானா, கல்லாக மாறிய மரத்துண்டா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அந்த வட்டாரத்தில் கல்மரங்கள் உண்டு என்பது உண்மை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரம் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்கள். முதல் கட்டுரையில் இருந்ததோ வெறும் கோட்டுப் படங்கள். அதை வைத்து எந்தப் பக்கமும் முடிவாகப் பேச முடியவில்லை.

2022-ல் பால், அய்யாசாமி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் (இந்த பால் வேறு, மேலே சொன்ன கிரெகரி பால் வேறு) அந்த எலும்புகளின் பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விவாதம் மறுபடி உயிர் பெற்றது. அடுத்த வருஷம் வந்த எடைக் கணக்குக்கும் அந்தப் படங்கள் கைகொடுத்தன. சில புகைப்படங்களே இவ்வளவு செய்யும் என்றால் எலும்பு இருந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருக்கும்? குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எலும்பா மரமா என்று ஒரே மதியத்தில் தெரிந்திருக்கும்.

இதை எழுதும்போது அந்த இருவரையும் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. வெயிலில் கிடந்து தோண்டி, எழுதி, உலகத்துக்குச் சொன்னது அவர்கள்தான். களிமண் கலந்த நிலத்தில் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஏற்கெனவே விரிசல் விட்ட எலும்பை வெளியே எடுப்பது சாதாரண வேலை இல்லை. அதற்கு ஆள், பொருள், நேரம் எல்லாம் வேண்டும். அவற்றைக் கொடுக்க வேண்டியது தனி மனிதர்கள் இல்லை, ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாடு நம்மிடம் இல்லை என்பதுதான் என் புகார்.

அலமாரிக்குள் தொலைந்த டைனோசர்

எலும்பு பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தால் மட்டும் போதுமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

1828-ல் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஜபல்பூர் பக்கத்தில் ஒரு குன்றில் சில பெரிய எலும்புகளை எடுத்தார். வழிப்பறி செய்த தக்கர்களை ஒடுக்கியவர் என்று வரலாற்றில் வருவாரே, அவரேதான். அப்போது 'டைனோசர்' என்ற சொல்லே கிடையாது. அது 1842-ல்தான் பிறந்தது. அந்த எலும்புகள் கை மாறி கை மாறி கல்கத்தா இந்தியன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1877-ல் ரிச்சர்ட் லிடெக்கர் அதைப் பார்த்து 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். இந்தியாவில் பெயர் பெற்ற முதல் டைனோசர் அது. படகோடைட்டன், அர்ஜென்டினோசாரஸ் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு இன்றைக்கு 'டைட்டனோசார்' என்று பெயர். அர்ஜென்டினாக்காரர்கள் கொண்டாடும் குடும்பத்தின் குடும்பப் பெயர், ஜபல்பூரில் கிடைத்த எலும்பிலிருந்து போனது!

அப்புறம் அந்த டைப் எலும்பு காணாமல் போனது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் லிடெக்கர் வெளியிட்ட படங்களை வைத்தே வேலையை ஓட்டினார்கள். 2012-ல் கொல்கத்தாவில் ஜிஎஸ்ஐ சேகரிப்பில் இருந்த பழைய ஃபாசில்களை ஒழுங்குபடுத்தியபோது, அதன் வால் முள்ளெலும்பு ஒன்று அங்கேயே கிடைத்தது. தனஞ்ஜய் மொஹபே, சுபாஷிஸ் சென், ஜெஃப்ரி வில்சன் ஆகியோர் மறு வருஷம் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அதை எழுதினார்கள்.

சந்தோஷமான முடிவுதான். ஆனால் யோசித்துப் பாருங்க. திருடன் கொண்டுபோகவில்லை, தீப்பிடிக்கவில்லை, கடலில் கப்பல் மூழ்கவில்லை. ஒரு நிறுவனத்தின் அலமாரிக்குள்ளேயே அது தலைமுறை தலைமுறையாகத் தொலைந்திருந்தது. எந்த எண், எந்தப் பெட்டி, எந்த வரிசை என்ற பதிவு சரியாக இருந்திருந்தால் அது தொலைந்தே இருக்காது. ஒரு லைப்ரரி புத்தகத்தை நாம் பத்து நாள் தாமதமாகக் கொடுத்தால் ஃபைன் போட சாஃப்ட்வேர் இருக்கிறது. இந்தியாவின் முதல் டைனோசர் எந்த டிராயரில் இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி பதிவு இல்லை.

அப்போ வெளிநாட்டுக்கே கொடுத்திடலாமா?

இந்த மாதிரிக் கதைகளைச் சொன்னாலே ஒரு பதில் தயாராக வரும்: "நம்மகிட்ட இருந்தா இப்படித்தான். லண்டனுக்குப் போயிருந்தா பத்திரமா இருந்திருக்கும்."

அரியலூர், திருச்சி, புதுச்சேரி வட்டாரத்து ஃபாசில்கள் லண்டனுக்குப் போகாமல் இல்லை. 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அங்கே உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் சேகரித்து அனுப்பிய சிப்பிகளுக்கும் அம்மோனைட்டுகளுக்கும் பெயர் வைத்தார். பிறகு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா கல்கத்தாவிலிருந்து பல பாகங்களாக இந்த ஊர் ஃபாசில்களைப் பற்றி எழுதினார். அதனால் நம்ம ஊர் அம்மோனைட் ஒன்றின் பெயரைச் சரிபார்க்க அரியலூர் மாணவர் ஒருவர் ஆசைப்பட்டால், இனத்தைப் பொறுத்து கொல்கத்தாவுக்கோ லண்டனுக்கோ போக வேண்டும். பாஸ்போர்ட், விசா, ஃபிளைட் டிக்கெட் எல்லாம் எடுத்து, தன் ஊர்க் கல்லைப் பார்க்க!

வெளிநாடு என்றால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மை இல்லை. எகிப்தில் கிடைத்த ஸ்பைனோசாரஸ் எலும்புகளை எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குக் கொண்டுபோய் 1915-ல் பெயர் வைத்தார். ஜுராசிக் பார்க் மூன்றாம் பாகத்தில் டி-ரெக்ஸையே அடிச்சுப் போடுமே, அந்த ஸ்பைனோசாரஸ்தான். இரண்டாம் உலகப் போரில், எலும்புகளைப் பத்திரமான இடத்துக்கு மாற்றச் சொல்லி ஸ்ட்ரோமர் கெஞ்சியும் அருங்காட்சியக நிர்வாகம் கேட்கவில்லை. 1944 ஏப்ரல் குண்டுவீச்சில் ஹோலோடைப் மொத்தமும் அழிந்தது. பணக்கார நாடு, பெரிய மியூசியம், பேர்பெற்ற பேராசிரியர் எல்லாம் இருந்தும் இதுதான் நடந்தது. ஸ்பைனோசாரஸ் எப்படி நடந்தது, நீந்தியதா என்று இன்றுவரை நடக்கும் சண்டையில் பாதி, அந்த முதல் எலும்பு இல்லாததால் வருவது.

ஆக, எந்த நாட்டில் இருக்கிறது என்பதைவிட, ஆபத்து வரும் முன்னே யோசித்தார்களா என்பதுதான் கேள்வி. அதை நாமும் யோசிக்கலாம். நமக்கு அந்தத் திறமை இல்லை என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை.

எலும்பு இருந்தால் என்ன ஆகும்?

திருச்சி வட்டாரத்திலிருந்து இன்னொரு பெயர்: திராவிடோசாரஸ். இதே யாதகிரியும் அய்யாசாமியும் 1979-ல் வைத்தது. முதுகில் தட்டுத் தட்டாக இருக்குமே, ஸ்டெகோசாரஸ், அந்தக் குடும்பம் என்றார்கள். 1996-ல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும், "இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வன" என்றார்கள். வேறு சில ஆய்வாளர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பெயரைக் கேட்டதும் நமக்கு ஒரு பாசம் வரும், ஆனால் பாசத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. டைப் எலும்பை மேசையில் வைத்து, சிடி ஸ்கேன் எடுத்து, இரண்டு தரப்பும் பார்த்தால் மட்டுமே தீரும். ஸ்டெகோசார் என்றால் அந்தக் குடும்பத்தில் மிகக் கடைசியாக வாழ்ந்தவற்றில் ஒன்று நம்ம ஊரில் இருந்தது என்று ஆகும். பிளீசியோசார் என்றால் அதையும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வோம். எது சரி என்று தெரிந்துகொள்ளும் வழியாவது திறந்திருக்கும்.

நமக்கு இந்த மனநிலை புதிது இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது எத்தனை ஊர், எத்தனை மடம், எத்தனை வீடு ஏறி இறங்கி ஏடு தேடினார் என்று பள்ளிப் பாடத்திலேயே வரும் (இங்கிலீஷ் மீடியம்ல படிச்ச எனக்கே தெரியுது). ஆற்றில் விட்ட ஏடுகளையும் நெருப்பில் போட்ட ஏடுகளையும் நினைத்து இன்றும் வயிறு எரிகிறோம். ஆனால் சுவடிக்கு ஒரு வசதி உண்டு. ஒரு ஏடு போனால் இன்னொரு ஊரில் அதன் படி கிடைக்கலாம். நான்கு படிகளை ஒப்பிட்டுப் பாடத்தைத் திருத்தலாம். ஹோலோடைப்புக்கு இன்னொரு படி கிடையாது. நாமே எடுத்து வைத்தால்தான் உண்டு.

எங்க பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. நேபாளத்தில் கண்டகி ஆற்றிலிருந்து வருகிற அந்தக் கல்லும் பெரும்பாலும் அம்மோனைட் ஃபாசில்தான். பட்டுத்துணி, தனிப் பெட்டி, தினமும் அபிஷேகம், யார் கைக்கு யார் கொடுத்தது என்ற வரலாறு எல்லாம் பாட்டிக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு கல்லைத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றுவது எப்படி என்று நம்ம வீடுகளுக்கு நல்லாவே தெரியும்.

என்ன செய்யலாம்?

முதலில், பட்டியல். நாட்டில் எந்த நிறுவனத்தில் எந்த டைப் ஃபாசில் இருக்கிறது, என்ன எண், என்ன நிலையில் இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரே இடத்தில் போட வேண்டும். கூடவே எல்லாப் பக்கத்திலிருந்தும் அளவுகோலோடு எடுத்த புகைப்படம். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாம் அதன் இடத்தில் இருக்கிறதா என்று கணக்கெடுப்பு. நகைக்கடையில் தினமும் ராத்திரி செய்கிற வேலைதான் இது.

இரண்டாவது, தோண்டும்போதே பாதுகாப்பு. எலும்பைச் சுற்றிச் சணல் துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் வைத்துக் கட்டி எடுப்பார்கள். கை உடைந்தால் போடுகிற மாவுக்கட்டுதான், கொஞ்சம் பெரிய சைஸ். உதிரக்கூடிய எலும்புக்குள் அசிட்டோனில் கரைத்த அக்ரிலிக் ரெசினை இறக்கி இறுக்குவார்கள். ராக்கெட் சயின்ஸ் கிடையாது. ஆனால் தோண்டும் திட்டத்தின் பட்ஜெட்டில் இதற்கென்று தனி வரி இருக்க வேண்டும், இதைத் தெரிந்த ஆள் தளத்தில் இருக்க வேண்டும், மழைக்கு முன்னே வேலை முடிய வேண்டும்.

மூன்றாவது, சட்டம். புவியியல் பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்க மத்திய அரசு 2022-ல் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. அதிகாரம் எல்லாம் ஜிஎஸ்ஐ ஒன்றிடமே போய்ச் சேரும், பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கை கட்டப்படும் என்று பலர் எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. காவல் என்ற பெயரில் பூட்டு மட்டும் போட்டால், ஜபல்பூர் வால் எலும்பின் கதைதான் திரும்ப நடக்கும். சட்டம் வரணும், அதில், டைப் மாதிரி வைத்திருக்கும் நிறுவனம் அதை ஆய்வாளர்களுக்குக் காட்டியே ஆக வேண்டும், வருடாந்திர அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமைகளும் வரணும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிறைய. அங்கே பொக்லைன் தோண்டும்போது வெளியே வருவது சிமென்ட் ஆலைக்குப் போகும் முன் ஒரு தடவை பார்க்கப்பட வேண்டும் என்பதும் அதில் சேர வேண்டும்.

நான்காவது நம்ம பங்கு. இதுதான் எனக்கு முக்கியம். போட்டோகிராமெட்ரி என்பது பல கோணங்களில் எடுத்த சாதாரணப் படங்களிலிருந்து முப்பரிமாண மாடல் உருவாக்கும் முறை. நம்மில் பாதிப் பேர் அதை மினி புராஜெக்டுக்கு ஓட்டியிருக்கிறோம். பெரும்பாலும் ஒரு காபி மக்கையோ கேன்டீன் வாசல் பிள்ளையாரையோ வைத்து. திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பக்கம் எத்தனை பொறியியல் கல்லூரி இருக்கிறது! வாரணவாசியில் அரியலூர் ஃபாசில்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி, அங்கே இருக்கும் மாதிரிகளை ஸ்கேன் செய்து தரவைப் பொதுவில் வைப்பதை இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் பட்டியலுக்கான டேட்டாபேஸ் கட்டலாம். சிவில்காரர்கள் எலும்பு உதிராமல் இருக்கச் சேமிப்பறையின் ஈரப்பதத்தையும் அதிர்வையும் பார்க்கலாம். ஸ்கேன் அசல் எலும்பாகிவிடாது, அதைக் குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைக்க முடியாது. ஆனால் அசல் போய்விட்டால், கோட்டுப் படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

"நாட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்கு, எலும்புக்கா செலவு பண்ணணும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. ஆள் அனுப்பி, ஜீப் அனுப்பி, தோண்டி, படித்து, கட்டுரை எழுதி எல்லாம் முடிந்தது. கடைசியாகச் சில மூட்டை பிளாஸ்டரும், ஒரு நல்ல அலமாரியும், ஒரு க்யூரேட்டர் சம்பளமும் கொடுக்காததால் முன்னால் செய்த செலவு முழுக்க வீணாகிறது. மெஷின் வாங்கிவிட்டு ஆயில் போட மாட்டேன் என்பது எந்த ஊர் சிக்கனம்?

கல்லமேட்டு எலும்பு இனி வராது. ஆனால் விதிகளில் இன்னொரு வாசல் இருக்கிறது. மூல மாதிரி அழிந்துவிட்டால், கூடுமானவரை அதே இடத்தில், அதே பாறை அடுக்கில் கிடைக்கும் இன்னொரு நல்ல மாதிரியை 'நியோடைப்' என்று அறிவித்துப் பெயருக்குத் திரும்ப உயிர் கொடுக்கலாம். அதற்கு யாராவது கல்லமேட்டில் மறுபடி தேட வேண்டும். கிடைத்தால் முதல் நாளே மாவுக்கட்டு போட்டு, படம் எடுத்து, எண் கொடுத்து, ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். அந்த ஸ்கேனரைப் பிடிக்கும் கை இந்த இதழைப் படிக்கிற யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். ஜூனியர்ஸ், புராஜெக்ட் டைட்டில் கொடுக்க இன்னும் டைம் இருக்கு. யோசிங்க.